விர்ஜினல்னா என்னம்மா?

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டுக்கிட்டு உட்கார்ந்து பொறுமையா படிங்க. பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் கட்டாயம் படிங்க. ஆண் பிள்ளை வைத்திருப்பவர்கள் அதைவிடக் கட்டாயமா படிங்க.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மகள் ஹாலில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பு. லண்டன் கிரேடு தேர்வுக்குத் தயாராகிறாள். நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, விர்ஜினல்னா என்ன?"

கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. நான் மகப்பேறு மருத்துவர். ஓ.பி.யில் எதையும் கூச்சப்படாமல் பேசுகிறவள். ஆனால் சொந்த மகள் கேட்டதும் எனக்கு வாயில் வந்தது என்ன தெரியுமா?

"எங்கடி படிச்ச இதை?"

"இந்த புக்லதான். வில்லியம் பேர்டுனு ஒரு கம்போசர். அவர் விர்ஜினலுக்கு நிறைய எழுதியிருக்காராம். அது என்ன இன்ஸ்ட்ருமென்ட்டா?"

தோசை கருகிய வாசனை வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அந்த வார்த்தை எனக்குத் தெரியும். 'கன்னித்தன்மை உடைய', 'தூய்மையான', 'தீண்டப்படாத' என்ற அர்த்தத்தில் தெரியும். அப்படி ஒரு வாத்தியம் இருப்பது தெரியாது. ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இது என் மகளின் பாட்டு கிளாஸ் சமாச்சாரம் மட்டும் இல்லை, என் ஓ.பி. சமாச்சாரமும்தான் என்று புரிந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் வாத்தியம்.

விர்ஜினல் என்பது பியானோவுக்கு முந்தைய காலத்து வாத்தியம். பியானோ இத்தாலியில் 1700-ஐ ஒட்டித்தான் பிறந்தது. அதற்கு முன்னால், 16, 17-ஆம் நூற்றாண்டுகளில், ஐரோப்பாவில் வசதியான வீடுகளில் இருந்தது இது. மேஜை மேல் வைத்து வாசிக்கக்கூடிய ஒரு மரப்பெட்டி. உள்ளே கம்பிகள். கட்டையை அழுத்தினால் ஒரு சின்ன மரக்குச்சி மேலே எழும்பும். அதில் செருகியிருக்கும் பறவை இறகின் முள் கம்பியைச் சுண்டிவிடும். பியானோவில் சுத்தியல் கம்பியை அடிக்கும். இதில் நம்ம வீணை மாதிரி மீட்டல். சத்தம் சின்னதுதான். கச்சேரி மேடைக்கு ஆகாது, வீட்டுக் கூடத்துக்கு ஆகும்.

லண்டன் நேஷனல் கேலரியில் டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த இரண்டு ஓவியங்கள் இருக்கின்றன. ஒன்றில் ஒரு பெண் விர்ஜினல் முன்னால் நிற்கிறாள், இன்னொன்றில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பேரும் திரும்பி நம்மைத்தான் பார்க்கிறார்கள்.

சரி, ஒரு மரப்பெட்டிக்கு ஏன் இந்தப் பெயர்?

ரொம்ப பேர் சொல்லும் கதை இது: இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத் கல்யாணமே செய்துகொள்ளவில்லை, 'கன்னி ராணி' என்று பெயர். அவர் இந்த வாத்தியத்தை நன்றாக வாசிப்பார். அதனால் அவர் பெயரால் விர்ஜினல்.

கேட்க அழகான கதை. ஆனால் பொய். எலிசபெத் பிறந்தது 1533-ல். இந்தப் பெயரோ 1511-ல் ஜெர்மன் மொழியில் அச்சான ஒரு இசைப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதற்கும் முன்னால், 1460 வாக்கில் பிராக் நகரத்து அறிஞர் ஒருவர் எழுதிய குறிப்பிலும் இருக்கிறது. ராணி பிறப்பதற்கு எழுபது வருஷம் முன்னாலேயே பெயர் வந்துவிட்டது.

இளம்பெண் குரல் மாதிரி மென்மையாக ஒலிப்பதால் வந்த பெயர் என்பது ஒரு விளக்கம். பெரும்பாலும் பெண் பிள்ளைகள் வாசித்ததால் வந்தது என்பது இன்னொன்று. லத்தீனில் குச்சி என்று அர்த்தம் தரும் 'விர்கா'விலிருந்து வந்தது, கன்னிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது மூன்றாவது. அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் முதன்முதலாக அச்சான விர்ஜினல் இசைத் தொகுப்பின் பெயர் 'பார்த்தீனியா'. கிரேக்கத்தில் பார்த்தினோஸ் என்றால் கன்னி. (நம்ம ஊர் பார்த்தீனியம் செடிக்கும் அதே வேர்ச்சொல்தான்!) 1613-ல் நடந்த ஒரு இளவரசி கல்யாணத்தை ஒட்டி வந்த புத்தகம். தலைப்பிலேயே 'கன்னி' என்பதை வைத்து சிலேடை விளையாடியிருக்கிறார்கள். அதில் இசை எழுதியவர்கள் யார்? பேர்டு, புல், கிப்பன்ஸ். மூன்றும் ஆண்கள்.

பெண்ணைப் பற்றிய சொல். அதை வைத்து விளையாடுவது ஆண்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு ராஜா கதை.

எலிசபெத்தின் அப்பா எட்டாம் ஹென்றி. ஆறு கல்யாணம் செய்த அதே ஆள்தான். அவரும் விர்ஜினல் வாசிப்பார். 1530-ல் அரண்மனைச் செலவுக் கணக்கில் விர்ஜினல் வாங்கிய வரவு செலவு இருக்கிறது.

1540 ஜனவரியில் அவருக்கு நான்காவது கல்யாணம். பெண் ஜெர்மனியிலிருந்து வந்த ஆன் ஆஃப் கிளீவ்ஸ். மறுநாள் காலையில் ராஜா தன் மந்திரி குரோம்வெல்லிடம் சொன்னதன் சாரம் இது: 'அவள் வயிற்றையும் மார்பையும் தொட்டுப் பார்த்தேன். அவள் கன்னி இல்லை என்று தெரிந்துவிட்டது.'

கவனிங்க. தொட்டுப் பார்த்தாராம். தெரிந்துவிட்டதாம்.

அந்தக் கல்யாணம் அதே வருஷம் ஜூலையில் ரத்தானது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, ராஜாவுக்கும் ராணிக்கும் இடையே உறவே நடக்கவில்லை என்பது. அரண்மனை மருத்துவர்களே சாட்சி சொன்னார்கள்.

ரத்தான அதே மாதக் கடைசியில் ஐந்தாவது கல்யாணம். பெண் கேத்தரின் ஹோவர்ட். இந்த முறை ராஜாவுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. இப்படியொரு நல்ல மனைவி கிடைத்ததற்கு 1541 நவம்பர் 1-ஆம் தேதி கடவுளுக்கு நன்றி சொன்னார். மறுநாள் பேராயர் கிரான்மர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து வைத்தார். கல்யாணத்துக்கு முன்பே கேத்தரினுக்கு உறவுகள் இருந்தன என்பது கடிதத்தின் சாரம்.

அந்த உறவுகளில் முதலாவது எது தெரியுமா?

கேத்தரின் சின்னப் பெண்ணாக ஒரு உறவுக்கார சீமாட்டி வீட்டில் வளர்ந்தார். 1536 வாக்கில் அங்கே ஒரு இசை வாத்தியார் வந்தார். பெயர் ஹென்றி மேனக்ஸ். அவர் கற்றுக்கொடுக்க வந்த வாத்தியம் விர்ஜினல்.

அந்த வாத்தியார் தன் உடம்பை எங்கெல்லாம் தொட்டார் என்பதை, 'அப்போது நான் சிறுமி' என்று சொல்லி, கேத்தரினே பிற்பாடு விசாரணையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இன்றைக்கு என் ஓ.பி.க்கு இப்படி ஒரு குழந்தை வந்தால் நான் போக்சோ என்று எழுதி போலீசுக்குத் தகவல் கொடுப்பேன். கொடுக்கவில்லை என்றால் நான் குற்றவாளி. அன்றைக்கு என்ன நடந்தது? அந்தச் சிறுமியின் 'கெட்டுப்போன' கணக்கில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்தார்கள். கல்யாணத்துக்குப் பின் இன்னொருவரோடு பழகினார் என்ற குற்றச்சாட்டும் சேர, 1542 பிப்ரவரி 13-ஆம் தேதி லண்டன் கோபுரத்தில் கேத்தரினின் தலையை வெட்டினார்கள். இருபதை ஒட்டிய வயது. தண்டனை கொடுத்த அதே சட்டத்தில், ராஜாவைக் கட்டிக்கொள்ளும் பெண் தன் பழைய வாழ்க்கையை மறைத்தால் ராஜத்துரோகம் என்றும் எழுதிவைத்தார்கள்.

கேத்தரின் வழக்கில் இரண்டு ஆண்களுக்கும் மரண தண்டனை நிறைவேறியது. மேனக்ஸ் அதில் இல்லை. விசாரித்து விட்டுவிட்டார்கள்.

ஒரு டாக்டராக இந்தக் கதையில் எனக்குப் படுவது ஒன்றுதான். ராஜா இரண்டு பெண்களைப் 'பரிசோதித்தார்'. ஒருத்தியைக் கன்னி இல்லை என்றார். அவளோடுதான் உறவே நடக்கவில்லை என்று பிறகு அவரே சொன்னார். இன்னொருத்தியைப் பத்தரை மாற்றுத் தங்கம் என்று நம்பினார். பிறகு அவள் தலையை எடுத்தார். இரண்டு டெஸ்ட், இரண்டும் ஃபெயில்.

ஏன் ஃபெயில்? அவர் டாக்டருக்குப் படிக்காததாலா?

இல்லை. படித்திருந்தாலும் ஃபெயில்தான். ஏனென்றால் அப்படி ஒரு டெஸ்ட்டே கிடையாது.

இங்கிருந்து வெறும் மருத்துவம்.

நாம் 'கன்னித்திரை' என்று சொல்கிறோமே, ஹைமன், முதலில் அது திரையே இல்லை. பிறப்புறுப்பை மூடி வைத்திருக்கும் சீல் கிடையாது. யோனியின் வாயிலில், ஓரத்தைச் சுற்றி இருக்கும் ஒரு மெல்லிய சதை விளிம்பு. நடுவில் திறப்பு இருக்கும். இல்லையென்றால் மாதவிடாய் ரத்தம் எப்படி வெளியே வரும்? கொஞ்சம் யோசித்தாலே தெரிந்துவிடும்.

அதன் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். வளையம் மாதிரி, பிறை மாதிரி, சல்லடை மாதிரி, நடுவில் ஒரு பட்டை ஓடுகிற மாதிரி. மூக்கும் காதும் ஆளுக்கு ஒரு மாதிரி இருப்பது போலத்தான்.

பருவம் வரும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரக்கும். அப்போது இந்த விளிம்பு தடித்து, நெகிழ்வாகி, இழுத்தால் விரிந்து கொடுக்கும் தன்மைக்கு வந்துவிடும். அதனால் முதல் உறவில் அது கிழியவே வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ரத்தம் வர வேண்டும் என்றும் கட்டாயம் இல்லை. சிலருக்குக் கொஞ்சம் வரும். நிறைய பேருக்கு வராது. வந்தாலும் பயம், பதற்றம், அவசரம் காரணமாக ஏற்படும் சிராய்ப்பாகவும் இருக்கலாம். (நிற்காமல் நிறைய ரத்தம் போனால் அது 'அடையாளம்' இல்லை. காயம். உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.)

சின்னச் சின்னக் கிழிசல்கள் தடம் தெரியாமல் ஆறியும்விடும். வாய்க்குள் பல் கடித்த புண் ஆறுவதில்லையா, அதுபோல.

2004-ல் அமெரிக்காவில் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு ஆய்வு வந்தது. பதின்வயதில் கர்ப்பமாக இருந்த 36 பேரின் பரிசோதனைப் படங்களை நிபுணர்கள் பார்த்தார்கள். உறவு நடந்திருக்கிறது என்று திட்டவட்டமாகச் சொல்லக்கூடிய அடையாளம் எத்தனை பேருக்கு இருந்தது தெரியுமா? 2 பேருக்கு.

36-ல் 2. வயிற்றில் பிள்ளையே இருக்கிறது. அப்படியும் பார்த்துச் சொல்ல முடியவில்லை!

இதன் மறுபக்கத்தை மறந்துவிடாதீர்கள். 'காயம் இல்லை, திரை அப்படியே இருக்கிறது, அதனால் ஒன்றும் நடக்கவில்லை' என்று ஒரு டாக்டர் எழுதினால், நிஜமாகவே வன்கொடுமைக்கு ஆளான ஒரு குழந்தையின் வழக்கை அந்த ஒரு வரி சாகடித்துவிடும். ஆக இந்தப் பொய் இரண்டு பக்கமும் வெட்டும். தவறு செய்யாதவளைக் கெட்டவள் ஆக்கும். குற்றம் செய்தவனைத் தப்பிக்க விடும்.

தமிழில் 'கன்னி' என்ற சொல்லை எவ்வளவு அழகாகப் பயன்படுத்துகிறோம் பாருங்கள். முதல் முறை மாலை போடுகிறவர் கன்னிச்சாமி. சட்டசபையில் ஒரு எம்.எல்.ஏ. முதல் முறை பேசினால் கன்னிப்பேச்சு. எந்த டாக்டராவது அந்த எம்.எல்.ஏ.வின் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்து, 'இது ஏற்கெனவே பேசிய தொண்டை' என்று சர்டிபிகேட் கொடுக்க முடியுமா? முடியாது. ஏனென்றால் கன்னிப்பேச்சு என்பது வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவம். தொண்டையில் இருக்கிற உறுப்பு இல்லை.

அதே மாதிரிதான் இதுவும். ஒருத்தருக்கு உறவு அனுபவம் இருக்கிறதா இல்லையா என்பது அவர் வாழ்க்கைச் செய்தி. உடம்பில் தேடினால் கிடைக்காது.

'ஏன், கடையில விர்ஜின் ஆலிவ் ஆயில்னு போட்டு விக்கிறாங்களே' என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி! எக்ஸ்ட்ரா விர்ஜின் என்று போட வேண்டுமானால் அந்த எண்ணெயில் தனித்த அமிலம் 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. லேபில் டெஸ்ட் பண்ணிச் சொல்லலாம். எண்ணெய்க்கு டெஸ்ட் உண்டு தம்பி. பெண்ணுக்கு இல்லை.

ஸ்வீடனில் பழைய சொல் நம்ம சொல் மாதிரியேதான் இருந்தது. 'கன்னிமைச் சவ்வு' என்று அர்த்தம். 2009-ல் அங்கே பாலியல் கல்விக்காக வேலை செய்யும் ஒரு சங்கம் அந்தப் பெயரே பொய் சொல்கிறது என்று சொல்லி, 'யோனி வளையம்' என்ற பொருளில் புதுச் சொல் ஒன்றைக் கொண்டுவந்தது. நமக்கும் ஒரு நல்ல சொல் வேண்டும். தமிழாசிரியர்கள் யாராவது படித்தால் யோசியுங்கள். அதுவரை நான் ஹைமன் என்றே எழுதுகிறேன்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பல வருஷம் முன்பு ஒரு அரசு மருத்துவமனையில் டியூட்டியில் இருந்தேன். ராத்திரி ஒரு அம்மா தன் பெண்ணைத் தூக்காத குறையாகக் கூட்டி வந்தார். 14 வயது. இன்னும் வயசுக்கு வரவில்லை. நாலைந்து மாதமாக, மாதா மாதம் அடிவயிற்று வலி. அன்றைக்குக் காலையிலிருந்து ஒண்ணுக்கே போகவில்லை. அடிவயிறு மேடு தட்டியிருந்தது.

அந்த மேட்டைப் பார்த்து சொந்தக்காரர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சத்தம் வராமல் கேட்டார்: "டாக்டரம்மா, எதா இருந்தாலும் சொல்லிருங்க. நாங்க எதாச்சும் மருந்தக் குடிச்சிர்றோம்."

மருந்து என்றால் என்ன மருந்து என்று எனக்குப் புரிந்தது. கை நடுங்கிவிட்டது.

யூரின் டியூப் போட்டு, ஸ்கேன் பார்த்தோம். குழந்தை இல்லை. ரத்தம். அந்தப் பெண்ணுக்கு ஹைமனில் பிறவியிலேயே திறப்பு இல்லை. அரிதாகச் சிலருக்கு இப்படி இருக்கும். அவள் வயசுக்கு வந்து மாதங்கள் ஆகியிருந்தன. ரத்தம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தேங்கி, மூத்திரப் பையை நெருக்கிக்கொண்டிருந்தது. நிஜமாகவே 'திரை' என்று சொல்லத்தக்கது இருந்தது அவளுக்குத்தான். அதுவே அவளுக்கு நோய்.

சின்ன ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்து, அதைத் திறந்துவிட்டால் முடிந்தது.

அப்பா கையெழுத்துப் போட மறுத்தார்.

"அத வெட்டாம மாத்திரையில கரைக்க முடியாதா டாக்டரம்மா? நாளைக்கு இவள யாரு கட்டுவா?"

அரை மணி நேரம் பேசினேன். கடைசியில் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். பெண் சுத்தமானவள், வைத்தியத்துக்காகத்தான் இதைச் செய்தோம் என்று லெட்டர் பேடில் எழுதி, சீல் வைத்துத் தர வேண்டும்.

எழுதிக் கொடுத்தேன். பெண் வலியில் துடிக்கிறாள், எனக்கு அப்போது கையெழுத்து வேண்டும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் நாள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். நல்ல காரியம் செய்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

எட்டு வருஷம் கழித்து அந்த அப்பா என் கிளினிக்கைத் தேடி வந்தார். பெண்ணும் கூட வந்திருந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. லேமினேட் பண்ணி வைத்திருந்த லெட்டரில் எழுத்து மங்கிவிட்டதாம். புதுசாக ஒன்று வேண்டுமாம். "அவங்க கேக்கல டாக்டரம்மா. பின்னாடி பேச்சு வந்துரக் கூடாதுல்ல, நாமளே முந்திக் காட்டிரலாம்னு."

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டேன், "உனக்கு இது வேணுமாம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பீரோவத் திறக்கிறப்பல்லாம் அந்தப் பேப்பர் கண்ணுல படும் டாக்டர். நான் என்னமோ தப்பு பண்ணிட்டு, நீங்க மன்னிச்சு விட்ட மாதிரியே இருக்கும்."

நான் மறுபடி எழுதவில்லை. வந்த வியாதி என்ன, செய்த ஆபரேஷன் என்ன என்பது மட்டும் இருக்கும் டிஸ்சார்ஜ் விவரத்தை ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் செய்தவருக்கு என்ன கொடுப்போமோ அதுதான். அப்பாவுக்குத் திருப்தி இல்லை. கோபமாகத்தான் போனார்.

அன்றைக்கு நான் எழுதிய லெட்டரில் என்ன தப்பு? பெண்ணைக் காப்பாற்றத்தானே எழுதினேன்?

ஆமாம். ஆனால் 'இவள் சுத்தமானவள்' என்று நான் சீல் வைக்கும்போது, சீல் வைக்காத மற்ற பெண்கள் எல்லாம் யார் என்ற கேள்விக்கும் சேர்த்து சீல் வைத்துவிட்டேன். டாக்டர் பார்த்துச் சொல்ல முடியும் என்ற பொய்க்கு என் டிகிரியை ஜாமீன் கொடுத்துவிட்டேன். அந்த ராஜா சொன்னதைத்தான் நானும் சொன்னேன்: பார்த்தேன், தெரிந்துவிட்டது.

இன்றைக்கு அதே ராத்திரி வந்தால்? கையெழுத்துக்காக இன்னும் இரண்டு மணி நேரம் பேசுவேன். ஆஸ்பத்திரி அதிகாரிகளைக் கூப்பிடுவேன். குழந்தைகள் நலக் குழுவைக் கூப்பிடுவேன். வியாதியின் பெயரை எழுதிக் கொடுப்பேன். அந்த ஒரு வார்த்தையை எழுத மாட்டேன்.

டாக்டர்களாகிய நாங்கள் இதில் நல்லவர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1979 ஜனவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஒரு இந்தியப் பெண் வந்து இறங்கினார். 35 வயது. ஆசிரியை. அங்கே இருப்பவரைக் கல்யாணம் செய்துகொள்ள வந்தவர். ஏற்கெனவே கல்யாணமானவரோ என்று குடியேற்ற அதிகாரிகளுக்குச் சந்தேகம். உடனே ஒரு டாக்டரை வைத்துக் 'கன்னித்தன்மை' பரிசோதனை செய்தார்கள். செய்தி பத்திரிகையில் வந்து, இந்தியாவிலும் பெரிய எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் நிறுத்தினார்கள். அதே பிரிட்டனில் 2022-ல் அந்தப் பரிசோதனை குற்றமாகிவிட்டது. 5 வருஷம் வரை ஜெயில். தைத்து 'சரிசெய்யும்' ஹைமன் ஆபரேஷனும் அங்கே குற்றம்.

2018-ல் உலக சுகாதார நிறுவனம், ஐ.நா. அமைப்புகளோடு சேர்ந்து, இந்தப் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை, உலகம் முழுக்க ஒழிக்க வேண்டும் என்று சொன்னது.

நம் நாட்டில்? வன்கொடுமைக்கு ஆளான பெண்களிடம் செய்யப்பட்ட 'இரண்டு விரல் பரிசோதனை' அவர்களின் அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுகிறது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்னது. அப்படியும் நிற்கவில்லை. 2022 அக்டோபர் 31-ஆம் தேதி மறுபடி சொல்ல வேண்டி வந்தது. இந்த முறை, அதைச் செய்கிற டாக்டர் ஒழுங்கீனம் செய்தவராவார், பாடத்திட்டத்திலிருந்தும் எடுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னது. 2023 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், காவலில் இருக்கும் பெண்ணுக்குக் கன்னித்தன்மைப் பரிசோதனை செய்வது அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது.

இவ்வளவுக்குப் பிறகும் 2024 ஆகஸ்ட் கடைசியில் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் 'ஹைமனின் முக்கியத்துவம்', கன்னித்தன்மை எல்லாம் திரும்பத் தலைகாட்டின. எதிர்ப்பு வந்ததும் செப்டம்பர் முதல் வாரத்தில் அந்த வழிகாட்டுதலைத் திரும்பப் பெற்றார்கள். நான் படித்த காலத்தில் தடயவியல் வைவாவில் 'உண்மைக் கன்னி', 'பொய்க் கன்னி' வித்தியாசத்தை ஒப்பித்துத்தான் பாஸ் ஆனேன். மூளையில் ஏறியது இறங்க ரொம்ப நாள் ஆகிறது. எங்களுக்கே அப்படி என்றால் ஊருக்கு?

"அப்போ ஒழுக்கமே வேண்டாம்கிறீங்களா டாக்டர்?" என்று கமென்டில் கேட்க சிலர் காத்திருப்பீர்கள்.

உங்கள் குடும்பத்தின் ஒழுக்கம் உங்கள் விஷயம். பிள்ளைகளுக்கு என்ன சொல்லி வளர்க்கிறீர்கள் என்பதில் நான் தலையிடவில்லை. ஆனால் அதற்கு மருத்துவத்தைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். மருத்துவம் பொய்ச்சாட்சி சொல்லாது. அப்புறம் ஒரு சின்ன சந்தேகம். ஒழுக்கம் இருவருக்கும் பொது என்கிறீர்கள். இத்தனை வருஷத்தில் ஒரு மாப்பிள்ளைக்கு சர்டிபிகேட் கேட்டு ஒருவர்கூட என் கிளினிக் படி ஏறவில்லையே, ஏன்?

கடைசியாக, சில விஷயங்கள்.

பெற்றோருக்கு: சைக்கிள் ஓட்டட்டும், நீச்சல் அடிக்கட்டும், கபடி ஆடட்டும். மென்ஸ்ட்ருவல் கப் வேண்டுமென்றால் பயன்படுத்தட்டும். எதுவும் 'போய்விடாது'. 15 வயதாகியும் வயசுக்கு வரவில்லை என்றாலோ, வயசுக்கு வராமலே மாதா மாதம் அடிவயிறு வலிக்கிறது என்றாலோ தாமதிக்காமல் காட்டுங்கள்.

கல்யாணம் ஆகப்போகும் தம்பிகளுக்கு: முதல் ராத்திரி விரிப்பில் ரத்தம் தேடாதீர்கள். அதில் இருந்தாலும் ஒன்றும் தெரியாது, இல்லாவிட்டாலும் ஒன்றும் தெரியாது. மனைவியிடம் பேசுங்கள். பேச்சில்தான் எல்லாம் தெரியும்.

சக மருத்துவர்களுக்கு: கேட்டால் எழுதிக் கொடுக்காதீர்கள். பாவம் பார்த்துக்கூட எழுதிக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன், அதனால் சொல்கிறேன்.

மகள் கதையை முடிக்கவில்லையே.

மறுநாள் அவளை உட்கார வைத்து இரண்டு அர்த்தத்தையும் சொன்னேன். வாத்தியத்தையும் சொன்னேன், மற்றதையும் சொன்னேன். எலிசபெத் கதை ஏன் பொய் என்றும் சொன்னேன். கேத்தரினைப் பற்றி, அவள் வயதுக்கு ஏற்ற மாதிரி, பாட்டு வாத்தியாரோ வேறு யாரோ தொடக்கூடாத இடத்தில் தொட்டால் அது உன் தப்பு இல்லை, அம்மாவிடம் வந்து சொல்லு என்று சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டது: "அந்தப் பொண்ணு கேத்தரின் அதை நல்லா வாசிப்பாளாம்மா?"

எனக்குத் தெரியவில்லை. அவளைப் பற்றி இவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்கள். நான் படித்த எதிலும் அதை யாரும் எழுதவில்லை.

மகள் கீபோர்டில் ஹார்ப்சிகார்டு சத்தத்தை வைத்து பேர்டு பாட்டை வாசிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் தடுக்கியது. திரும்ப முதலிலிருந்து.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள், நேரம் கிடைக்கும்போது பதில் சொல்கிறேன். வீட்டில் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.